தேமல்

காசநோய் மருத்துவமனை, மலைமேல்
3 மார்ச் 1969

அன்புள்ள வெலிகா அக்காவுக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. கம்பளிக் காலுறை அளவாக இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த மார்ச் நூலை அன்றைக்கே மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். நாரையைப் பார்த்ததும் கழற்றிப் பூத்த மரத்தில் கட்ட வேண்டும், ஆனால் எங்களை இன்னும் மரங்கள் இருக்கும் பக்கம் விடுவதில்லை. சன்னல் கொக்கியில் கட்டினால் போதும் என்கிறாள் கிங்கா.

கிங்கா எனக்குப் பக்கத்துக் கட்டில். சோஃபியாவில் டிராம் நடத்துனராக இருந்தவள். யாராவது நீளமாக இருமினால், "டிக்கெட் எடுத்தாச்சா? எடுக்கலேன்னா இறங்கிக்க" என்பாள். யாராவது இறந்துவிட்டால் "இறங்கிட்டா" என்பாள். என்னிடம், "ஏன் பாப்பா, ரெண்டு வாரமா உன் இருமல் மட்டும்தான் என்கிட்ட பேசுது, நீ எப்பப் பேசுவே?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். பேச வரவில்லை.

ஓர் உதவி கேட்க வேண்டும். மாடி அறைச் சன்னலில் ஒரு மரத்தட்டு வைத்துவிட்டு வந்தேன். அதில் இருப்பது கோலியஸ் நாற்று. தபால் ஆபீஸ் சன்னலில் ஒரு தொட்டி நிற்குமே, இலையே பூ மாதிரி சிவந்து, அந்தச் செடிதான். விதை புகையிலை விதையைப் போலவே தூசு, மேலே மண் போட்டு மூடவில்லை, அதனால் தண்ணீரை மேலே ஊற்றாதே. தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து எடுத்தால் போதும். நாற்று நெருங்கிவிட்டால் சிலவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடு. அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலைந்து நின்றால் போதும்.

இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். என் கட்டில் அந்தச் சன்னலை ஒட்டியே இருக்கட்டும். அப்பாவுக்கும் மரின் மாமாவுக்கும் என் வணக்கம்.

உன் தங்கை
பில்யானா


29 மார்ச் 1969

பில்யானா,

இத்தனை நாள் எழுத நேரமில்லை. புகையிலைப் பாத்தி போட்டோம். இரவில் பனி, பகலில் வெயில், மூடுவதும் திறப்பதுமாக முதுகு ஒடிகிறது. கூட்டுப்பண்ணையில் இந்த வருடம் எங்கள் அணிக்கு இரண்டு பாத்தி கூடுதல்.

உன் தட்டைப் பற்றி நல்ல செய்தி இல்லை. முதலில் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. கலைக்கலாம் என்று சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் தேமல். ஒன்றில் மஞ்சள் திட்டு, ஒன்றில் வெள்ளைப் புள்ளி, மூலையில் ஒன்று முழுக்க வெளுத்து ரோஸாக, பிறந்த எலிக்குஞ்சு மாதிரி. போன வருடம் ஆற்றங்கரைப் புகையிலை முழுவதும் தேமல் நோயில் போனது உனக்கு மறந்திருக்காது. மரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கீழ பாத்தி, மேல இதுவா? உன் கையோட போய் ஒட்டிக்கிச்சுன்னா ஊரே நம்ம தோலை உரிச்சிடும். அடுப்புல போடு" என்றார். போட்டேன். தட்டைச் சாம்பல் தண்ணீரில் ஊற வைத்துத் தேய்த்தேன். பாத்திக்குப் போகும்முன், தேமல் ஒட்டாமலிருக்க, வழக்கம்போலக் கையைப் பாலில் நனைத்துக்கொண்டேன். பாத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொழுத்த பச்சையாய் நின்ற நான்கை மட்டும் தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு புள்ளிகூட இல்லை. கவலைப்படாதே.

இன்னொரு செய்தி. எனக்கு ஜூலையில் குழந்தை பிறக்கும். இந்தத் தடவை தங்கிவிட்டது என்று மருத்துவச்சி சொல்கிறாள். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. தயிரை மிச்சம் வைக்காதே.

வெலிகா


6 ஏப்ரல் 1969

அன்புள்ள அக்கா,

குழந்தையைப் பற்றிப் படித்ததும் கிங்காவை எழுப்பிச் சொன்னேன். அவளிடம் நானாகச் சொன்ன முதல் செய்தி அதுதான். "அப்ப நீ சித்தியா? இந்தக் குரலை வெச்சுக்கிட்டுத் தாலாட்டு எப்படிப் பாடுவே?" என்றாள்.

அதற்குப் பிறகு மீதியைப் படித்தேன்.

அது தேமல் இல்லை அக்கா. அது நிறம்.

உன்மேல் தப்பில்லை. நான்தான் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன். தபால் ஆபீஸ் சிவப்பில் ஒரு கிளை, ஊர் மருந்தகத்தில் நின்ற வெளிர் மஞ்சளில் ஒரு கிளை, இரண்டும் கேட்டு வாங்கினேன். கேட்பதற்குள் பத்துத் தடவை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பூக்க விட்டேன். தபால் ஆபீஸ் அம்மா, "பூவுல என்னடி இருக்கு, கிள்ளிப் போடு, இலை வாடிடும்" என்றாள். எனக்கு விதைதான் வேண்டும். கிளையை நட்டால் தாயின் நிறமே திரும்ப வரும். விதையில்தான் யாரும் பார்க்காத நிறம் வரும்.

முளைக்கும்போது எல்லாம் பச்சையாகவே தெரியும். மூன்றாவது இலையில்தான் நிறம் இறங்கும். நிறம் உள்ளது மெதுவாக வளரும். கொழுத்து முன்னால் ஓடுவது வெறும் பச்சை. அதனால் இதில் புகையிலைக்கு நேர்மாறாகக் கலைக்க வேண்டும். கொழுத்ததைப் பிடுங்கிவிட்டுச் சவலையைக் காப்பாற்ற வேண்டும். நான் அதை எழுதியிருக்க வேண்டும். "உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை" என்று எழுதிவிட்டேன்.

மூலையில் ரோஸாக இருந்ததே, அதன் ஓரத்தில் நூல் மாதிரிப் பச்சை ஓடியதா? நினைத்துப் பார்த்து எழுது. முழுக்க வெள்ளையாக முளைப்பது பிழைக்காது, அது தனக்குச் சாப்பாடு தயாரிக்கத் தெரியாதது. விதைக்குள் இருந்தது தீர்ந்ததும் படுத்துவிடும். ஒரு நூல் பச்சை இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டு வருடமாக விதைக்கிறேன். இருந்தது என்றால் கஷ்டமாக இருக்கும், இல்லை என்றாலும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுது.

சுண்ணாம்பு அடித்தபோது என் கட்டிலை எங்கே நகர்த்தினீர்கள்? நீ அதை எழுதவில்லை.

பில்யானா


2 மே 1969

பில்யானா,

பச்சை நூல் எதையும் நான் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை. புகையிலை ஊரில் பிறந்து, புள்ளி விழுந்த இலையை நிறம் என்று வளர்ப்பவள் நீ ஒருத்திதான். அதை முன்னமே ஒரு வரி எழுதியிருக்கலாம். உனக்கு வாயும் வராது, பேனாவும் வராது, பிறகு மற்றவர்கள்மேல் வருத்தம் மட்டும் வரும்.

கட்டில் புகையிலைக் கொட்டகையில் இருக்கிறது. மெத்தையை எரித்துவிட்டோம். சுகாதார ஆள் வந்து சொன்னான், சொல்லாவிட்டாலும் எரித்திருப்போம். அது எரியும்போது அப்பா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆடுகள் அப்போதுதான் குடித்திருந்தன.

நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். அம்மா இருமி இருமிக் கிடந்த வருடம் எனக்குப் பதினாறு வயது, உனக்கு எட்டு. நீ அம்மாவின் அக்குளில்தான் தூங்குவாய். பிரித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாவம், அம்மாவோடு இருக்கட்டும் என்றுதான் விட்டோம். அதனால்தான் நீ இன்று அந்த மலைமேல் இருக்கிறாய். இந்தத் தடவை எனக்குத் தோன்றிவிட்டது. என் வயிற்றில் இருப்பதற்காகத் தோன்றியது. இதற்குமேல் நான் என்ன எழுத?

ஏழாம் வகுப்போடு உன்னை நிறுத்திப் புகையிலை கோர்க்கும் ஊசியைக் கையில் கொடுத்ததும் நான்தான். நீ ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

"குணமானாலும் உள்ளயே ஒளிஞ்சிருக்குமாமே, உன் தங்கச்சி டாக்டர்கிட்ட கேட்டு எழுதச் சொல்லு" என்கிறார் மரின். கேட்டு எழுது.

ஜார்ஜ் திருநாளுக்கு ஆட்டுக்குட்டி அறுப்போம். உன் பங்கை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

வெலிகா

அந்த நான்கு பச்சையும் நன்றாக இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுகிறேன்.


22 ஜூன் 1969

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து பல தாள்களைக் கிழித்துவிட்டேன். அம்மாவின் படுக்கை சூடாக இருந்தது, அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. உன்னை நான் குறை சொன்னதில்லை, மனசுக்குள்ளும் சொன்னதில்லை.

இப்போது நல்ல செய்தி. இங்கே ஒரு பேச்சு உண்டு. சளியில் கிருமி வந்தால் 'திறந்தவள்', வராவிட்டால் 'மூடியவள்'. சாப்பாட்டு மேசைகூட வேறு வேறு. நான் போன மாதமும் மூடியவள், இந்த மாதமும் மூடியவள். மாமா கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். நானாகவே போய்க் கேட்டேன் அக்கா. "உள்ள தூங்கும், அது உண்மைதான். ஆனா மூடியிருக்கிற வரைக்கும் யாருக்கும் ஒட்டாது. இப்படியே இருந்தா செப்டம்பர்ல வீட்டுக்குப் போகலாம். தனித் தட்டு, தனி டம்ளர், ராத்திரி சன்னல் திறந்திருக்கணும். புகையிலைத் தூசு மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றார்.

நாற்றுக் கதையும் சொல்கிறேன். விதையில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கூடவே கொண்டுவந்திருந்தேன். ஏப்ரலில் மீன் டப்பாவில் தூவி எங்கள் வார்டுச் சன்னலில் வைத்தேன். தலைமை நர்ஸ், "இங்க மனுஷங்களுக்கே இடமில்ல" என்று தூக்கிப்போட வந்தாள். கிங்கா எழுந்து உட்கார்ந்து, "தொடாதே, அதெல்லாம் டிக்கெட் வாங்கின பயணிங்க" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு வார்டில் ஆளுக்கு ஒரு நாற்றைத் தன்னுடையது என்று வைத்துக்கொண்டார்கள். கிங்கா எடுத்தது முழு வெள்ளை. "எனக்கு இதான் புடிச்சிருக்கு, கல்யாணப் பொண்ணு மாதிரி." அது பிழைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். படுத்துவிட்ட அன்று, "இறங்கிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. சில வெறும் பச்சை, அவற்றை நானே பிடுங்கினேன்.

மிஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று. நடுவில் ரோஸ், சுற்றிலும் பால் வெள்ளை, ஓரத்தில் மட்டும் பச்சை நூல். ஊசியால் தைத்த மாதிரி ஓடுகிறது. கிளை ஒடித்து இன்னொன்று நட ஆசைதான், ஆனால் இதற்கு இருப்பதே ஒரு தண்டு. ஒடித்தால் இரண்டும் போய்விடும்.

நேராகவே கேட்கிறேன். குழந்தை பிறந்து நாற்பது நாள் முடிந்த பிறகு நான் வீட்டுக்கு வரலாமா? மாடி அறை வேண்டாம். அடுப்படி பெஞ்சு போதும்.

பில்யானா


10 ஆகஸ்ட் 1969

பில்யானா,

குழந்தை பிறந்துவிட்டது. பெண். குறித்த நாளுக்கு முன்னாலேயே வந்தது, ஒரு ரொட்டியின் கனம்தான் இருக்கும். பாலை உறிஞ்சவும் தெம்பில்லை, விரலைத் தோய்த்து வைக்கிறேன். மாமியார் வந்து தங்கியிருக்கிறாள். நாற்பது நாள் ஆகும்வரை நான் வாசலைத் தாண்டக் கூடாது, வெளியார் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவில் பூண்டு கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீ எழுதியதை மரினிடம் படித்துக் காட்டினேன். மூடியது, திறந்தது எல்லாவற்றையும் படித்தேன். "மூடினது திறக்காதுன்னு டாக்டர் எழுதிக் கொடுப்பாரா?" என்று கேட்டார். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

இங்கே புகையிலை ஒடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோர்க்க ஆளில்லை, நான் படுத்துக் கிடக்கிறேன், அப்பாவின் விரல்கள் மடங்கவில்லை. மரின் ஒரு வழி சொல்கிறார். கொட்டகையில் உன் கட்டில் இருக்கிறது. செப்டம்பரில் வந்து அங்கேயே தங்கிக் கோர்த்துக் கொடு. சாப்பாட்டை நானே கொண்டுவந்து வைக்கிறேன். வீட்டுக்குள் மட்டும் இப்போது வேண்டாம்.

மரின் சொன்னார் என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. நானும் சொன்னேன்.

வெலிகா


17 ஆகஸ்ட் 1969

அக்கா,

குழந்தைக்குப் பால் இறங்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

கொட்டகைக்கு வர முடியாது. தூசு கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் எழுதியிருந்தேன். நீ அந்த வரியை மரின் மாமாவுக்குப் படிக்காமல் விட்டிருப்பாய்.

திங்கட்கிழமை கிங்கா இறங்கிவிட்டாள். கட்டிலில் வேறு ஒருத்தி வந்திருக்கிறாள். அவள் பேசுவதில்லை. இப்போது இந்த வார்டில் பேசுகிறவள் நான்தான்.

பில்யானா


19 அக்டோபர் 1969

பில்யானா,

நீ வந்தது எனக்குத் தெரியும்.

அடுப்படிச் சன்னலில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன். படலுக்கு வெளியே யாரோ மழையில் நிற்பது தெரிந்தது. அப்பாவின் பழைய கோட்டைப் போட்டிருந்தாய். நாய் குரைக்கவில்லை, அதனால்தான் நீ என்று தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் குழந்தையின் முகத்தை மார்போடு திருப்பிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகத் திரும்பிவிட்டது. பிறகு தாழ்ப்பாள்வரை போனேன். அதில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது நீ இல்லை. படல் கம்பத்தில் செய்தித்தாள் சுற்றிய மீன் டப்பா மட்டும் இருந்தது.

மாலையில் மரின் வந்து, "அந்த ஆஸ்பத்திரிச் சாமானை யாரும் தொடாதீங்க" என்றார். அப்பாதான் போய்ச் செய்தித்தாளை விலக்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நான் படல்வரை போனேன். அப்படி ஓர் இலையை நான் பார்த்ததே இல்லை. நீ எழுதிய நூல் ஓரத்தில் ஓடியது. கண் இருக்கும் யாருக்கும் அது நோய் இல்லை என்று தெரிந்திருக்கும். ஆனாலும் நான் அதை உள்ளே எடுத்துவரவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று இரவு உறைபனி. காலையில் வேகவைத்த கீரை மாதிரி டப்பாவின் விளிம்பில் தொங்கியது.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் எப்போதும்போலப் பேசாமல் இருப்பதற்கும் கோபத்தில் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இப்போது கேள். மரின் நவம்பரில் காட்டுக்கு மரம் வெட்டப் போகிறார், வசந்தம்வரை வரமாட்டார். அவரிடம் சொல்லிவிட்டேன். "என் தங்கச்சி இந்த வீட்டுக்கு வருவா. புடிக்கலேன்னா நீங்க காட்டுலயே இருந்துக்கங்க." மாமியார் அன்றைக்கே மூட்டை கட்டினாள். கட்டிலை நானும் அப்பாவும் மாடிக்குத் தூக்கிச் சன்னலோரம் போட்டுவிட்டோம். புது மெத்தையில் சோளத்தோகை அடைத்திருக்கிறேன். குழந்தை என்னோடு கீழே படுப்பாள். தனித் தட்டு, தனி டம்ளர், எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது.

வா.

அது மாதிரி இன்னொன்று அங்கே வைத்திருக்கிறாய்தானே? கொண்டு வா. சன்னலில் நானே வைக்கிறேன்.

அக்கா


2 நவம்பர் 1969

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படுத்துக்கொண்டே படித்தேன், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செப்டம்பருக்குப் பிறகும் என்னை இங்கேயே இருக்க விட்டார்கள், அன்று டாக்டர் ஒரு நாள் அனுமதி கொடுத்தார். கதவைத் தட்டலாம் என்றுதான் வந்தேன். சொல்ல வேண்டியதைப் பேருந்தில் மனப்பாடம்கூடச் செய்துகொண்டேன். படலைப் பிடித்து நின்றதும் ஒன்றும் நினைவு வரவில்லை. நீ குழந்தையின் முகத்தைத் திருப்பியதைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. அவ்வளவு சின்னத் தலை, உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. சாலைவரை நடந்தேன், ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. நன்றாக நனைந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு காய்ச்சல். அது விட்டதும் சளி எடுத்துப் பார்த்தார்கள். நேற்று முன்தினம் தலைமை நர்ஸ் வந்து என் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தவர்கள் மேசையில் வைத்தாள். நான் மறுபடி திறந்துவிட்டேன் அக்கா. மாமா கேட்டது சரியான கேள்விதான்.

அதனால் வரமாட்டேன். இந்தத் தடவை மாமா சொல்லி இல்லை, நீ சொல்லியும் இல்லை. நானே சொல்கிறேன். நான் மறுபடி படலுக்கு வந்து நின்றால், கெஞ்சினாலும் திறக்காதே. காய்ச்சலில் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. வேறு ஊசி போடுகிறார்கள், காது இரைகிறது, பசி எடுப்பதில்லை. மாமாவைக் காட்டிலேயே விட்டுவிடாதே, பனி வருவதற்குள் கூப்பிட்டுக்கொள்.

மாடிக் கட்டிலில் அப்பாவைப் படுக்கச் சொல். சோளத்தோகை அவர் முதுகுக்கு நல்லது.

இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. அதைவிடப் பெரியது, சன்னலில் நன்றாக நிற்கிறது. பனியில் போனதை நினைத்துக்கொண்டிருக்காதே. விதைத்தால் வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கடிதத்தைக் குழந்தை இல்லாத இடத்தில் படி. படித்ததும் அடுப்பில் போடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பால் போதாது.

பதில் எழுதும்போது குழந்தையின் பெயரை எழுது. நீ இதுவரை எழுதவில்லை.

பில்யானா